கோணல் பாலம் எதற்கு?

ஸ்ட்ரெதம், லண்டன்
6 ஏப்ரல் 2024

அன்புள்ள வேதா அக்காவுக்கு,

நீலா எழுதுகிறேன். நானும் இவரும் சௌக்கியம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? காதுக்கு மெஷின் வாங்கினீர்களா, இல்லை இன்னும் பவித்திரனைத் திட்டிக்கொண்டே நாளைக் கடத்துகிறீர்களா? போனில் கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். வாட்ஸ்அப்பில் எழுதினால் உங்கள் மகன் படித்து முடித்த பிறகுதான் உங்களுக்குக் காட்டுகிறான் என்று கோபம். ஆகவே கடிதம். ஈப்போ தபால்காரரும் கொஞ்சம் வேலை செய்யட்டும்.

போன வாரம் ஒரு வேடிக்கை. பக்கத்து வீட்டு நகுலேஸ்வரியைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா, யாழ்ப்பாணத்துக்காரர், ஜெர்மனியில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். கதவைத் தட்டி, "நீலா, உங்கட ஆக்கள் ஒரு தோட்டம் கட்டி வச்சிருக்கினமாம். பாத்திட்டு வருவமே?" என்றார்.

"எங்க ஆளுங்களா? யாரு?"

"சைனாக்காரர்தான்!"

சீனர் வீட்டில் பிறந்து, பத்தாம் நாள் அப்பா கையில் நம் வீட்டுக்கு வந்தவள் நான் என்று அவரிடம் ஒருமுறை சொன்னது தப்பாகப் போயிற்று. நூடுல்ஸ் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூட என்னிடம்தான் கேட்கிறார். எனக்கென்ன தெரியும், சொல்லுங்கள்!

இரண்டு பஸ் மாறிப் போனோம். பெரிய பூங்காவின் ஒரு கோடியில் வெள்ளைச் சுவர் கட்டி, உள்ளே சீனத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். வாசலில் உயரமான மரப்படி. நகுலேஸ்வரி அதன்மேல் ஏறி நின்று படம் எடுக்கப் பார்த்தார். நான் மிதிக்காமல் தாண்டிப் போனேன். உள்ளே நின்ற தொண்டர், லாவ் என்ற பெரியவர், முகமெல்லாம் சிரிப்பாகச் சீனத்தில் ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு ஆங்கிலத்தில், "எல்லாரும் படியை மிதித்துக்கொண்டு வருகிறார்கள். உங்களுக்கு உங்கள் அம்மா சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்" என்றார்.

"ஆமாம், அம்மாதான் சொல்லிக்கொடுத்தார்" என்றேன். பொய்யில்லையே! வாசப்படியில் கால் வைத்தால் நம் அம்மா முதுகில் ஒன்று வைப்பாரே, லட்சுமி நிற்கிற இடம் என்று. அந்த அடி லண்டனில் உதவியது.

உள்ளே ஒரு குளம், குளத்தின்மேல் பாலம். நேராகப் போட்டிருந்தால் நாலு எட்டில் அக்கரை போய்விடலாம். இதுவோ இடப்பக்கம் திரும்பி, வலப்பக்கம் திரும்பி, மறுபடி இடப்பக்கம். குடித்துவிட்டுக் கட்டினார்களா என்று நினைத்தேன். உங்களுக்குத் தெரியுமா, பாலத்தை ஏன் கோணலாகக் கட்டுகிறார்கள்? நீங்கள் ஈப்போவில், சீனர் நடுவில்தானே இருக்கிறீர்கள். விசாரித்து எழுதுங்கள்.

இவர் உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அன்புத் தங்கை,
நீலா


ஈப்போ
24 ஏப்ரல் 2024

அன்புள்ள நீலாவுக்கு அக்கா எழுதிக்கொண்டது,

உன் கடிதம் கிடைத்தது. பவித்திரன் கைக்குப் போகுமுன் நானே கேட்டில் நின்று வாங்கிவிட்டேன். முட்டி அப்படியேதான் இருக்கிறது. காதும் அப்படியே. மெஷின் மாட்டினால் என் மருமகள் பேசுவதெல்லாம் கேட்கும், அந்தத் தொல்லை எனக்கெதற்கு?

உனக்கு அங்கே குளிர் குறைந்ததா? மாப்பிள்ளைக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? லண்டனில் பிஸ்கட் விலை மலிவு என்று நீ வாங்கி அடுக்காதே.

பாலம் ஏன் கோணல் என்று என்னைக் கேட்கிறாய். தமிழ்ப்பள்ளியில் நான் பிள்ளைகளுக்குத் திருக்குறள் சொல்லிக்கொடுத்தேனே தவிர, பாலம் கட்டச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் நீ கேட்டதிலிருந்து எனக்கும் மண்டைக்குள் வண்டு புகுந்த மாதிரி ஆகிவிட்டது. பக்கத்துக் கிளினிக் நர்ஸைக் கேட்டேன். அந்தச் சீனப் பெண் கூகுளில் பார்த்துச் சொல்கிறேன் ஆன்ட்டி என்றாள். கூகுளில் பார்க்க எனக்கு அவள் எதற்கு? யாராவது வயதானவர்களைத்தான் கேட்க வேண்டும். பார்க்கிறேன்.

அந்த லாவ் சீனத்தில் பேசியபோது உனக்குச் சங்கடமாக இருந்ததா? நீ அதை எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
வேதவல்லி


ஸ்ட்ரெதம்
19 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது. பிஸ்கட் நான்தான் சாப்பிடுகிறேன்.

மறுபடி இரண்டு முறை தோட்டத்துக்குப் போய்விட்டேன் அக்கா! என்னவோ இழுக்கிறது. சுவர் நெடுகச் சன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான பின்னல். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஓட்டை ஓட்டையாக ஒரு பெரிய கல்லை நிற்க வைத்து அதற்கு மரியாதை செய்கிறார்கள். "இந்தக் கல்லை எங்கட ஊரில வீட்டு மதிலுக்குக்கூட எடுக்கமாட்டினம்" என்றார் நகுலேஸ்வரி. பாலத்தைப் பற்றி லாவைக் கேட்டேன். பேய்களுக்கு நேராக மட்டும்தான் போகத் தெரியும், திரும்பத் தெரியாது, அதனால் கோணல் என்று அவருடைய பாட்டனார் சொல்வாராம். அவர் மனைவியோ, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு புதுக் காட்சி தெரிய வேண்டும் என்பதற்காக என்கிறாராம். நகுலேஸ்வரி என் காதில், "கொந்தராத்துக்காரன் அளவு பிழைச்சிட்டான், வேறொண்டுமில்லை" என்றார். மூன்று பேர், மூன்று காரணம்.

சங்கடமாக இருந்ததா என்று கேட்டீர்கள். பழகிப்போன சங்கடம்தான். ஆனால் இப்போது வேறொன்று வந்து சேர்ந்திருக்கிறது. லாவ் என்னைத் தொண்டர் குழுவில் சேர்த்துக்கொண்டார். செப்டம்பர் பௌர்ணமிக்கு அவர்களுக்கு விளக்குத் திருவிழா. தொண்டர்கள் ஆளுக்கொரு காகித விளக்கில் குடும்பப் பெயரை எழுதிப் பாலத்தில் தொங்கவிடுவார்களாம். "உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டார். தூரிகையைக் கையில் எடுத்துவிட்டார் அக்கா. பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அம்மா இருந்தவரை நான் எதையும் கேட்டதில்லை. கேட்டால் அம்மா மனசு நோகும் என்று பயம். நம் வீட்டிலும் அதை யாரும் பேசியதில்லை. போன வாரம் நகுலேஸ்வரி சேட்டை பண்ணிய பேரனைப் பார்த்து, "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது" என்றார். ஒரு படி தவிடு கொடுத்து வாங்கின பிள்ளை என்று எல்லாத் தமிழ் வீட்டிலும் பிள்ளைகளைச் சீண்டுகிறார்கள். நம் வீட்டில் உங்களைத்தான் எந்நேரமும் அப்படிச் சீண்டுவார்கள். என்னை ஒருநாளும் யாரும் சொன்னதில்லை. அது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்கா, என்னைப் பெற்றவர்களின் குடும்பப் பெயர் என்னவென்று அப்பா உங்களிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? உங்களுக்குத் தெரியாவிட்டால் இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. இதற்கு முன் இப்படி இருந்ததில்லை.

அன்புடன்,
நீலா


ஈப்போ
12 ஜூன் 2024

அன்புள்ள நீலாவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

உன் பாலத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. இங்கே ஓர் அம்மாளைக் கேட்டேன். சீனர்தான், என் வயதுதான் இருக்கும். நான் மலாயில் கேட்க அவள் மலாயில் சொல்ல, என் காதுக்கு அவள் கத்தக் கத்த, பசாரில் பாதிப் பேர் எங்களைத்தான் வேடிக்கை பார்த்தார்கள். அப்படிப்பட்ட தோட்டத்தை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததே இல்லையாம். "அதெல்லாம் பணக்காரங்க கட்டுறது. எனக்கென்ன தெரியும்?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிள்ளைங்க ஓடாம இருக்கத்தான் கோணலா கட்டியிருப்பாங்க. நேரா இருந்தா ஓடிப்போய் தண்ணியில விழுந்துடும்ல" என்றாள். எனக்கு உன் லாவ் சொன்னதையெல்லாம்விட இதுதான் சரியாகப் படுகிறது.

சன்னல்களைப் பற்றியும் கேட்டேன். ஒரே மாதிரி செய்தால் செய்கிறவனுக்குத் தூக்கம் வந்துவிடும் என்றாள். நல்ல வாய்த்துடுக்கு. ஓட்டைக் கல்லைப் பற்றிச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். உன்னிடம் படம் இருந்தால் அனுப்பு, அவளுக்குக் காட்ட வேண்டும். நீயும் அந்தக் கல்லும் நிற்கிற மாதிரி ஒன்று.

ஆமாம், நீ சின்ன வயதில் வீட்டுக்குள்ளிருந்து வெயிலுக்கு வந்தால் வரிசையாகத் தும்முவாயே, இப்போதும் தும்முகிறாயா?

பலாப்பழம் ஏராளம். நீ இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா,
வேதவல்லி


ஸ்ட்ரெதம்
7 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டிவலிக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். நகுலேஸ்வரியின் சிபாரிசு. "ரெண்டு நாள் பூசட்டும், பேந்து ஓடுவா" என்கிறார்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பாலத்துக்குப் பதில் இருக்கிறது, சன்னலுக்கு இருக்கிறது, கல்லுக்கும் இருக்கிறது. நான் கேட்ட ஒன்றுக்குத்தான் இல்லை. பலாப்பழத்துக்கு இடம் இருக்கிறது, அதற்கு இல்லையா?

தும்மல் கேட்டீர்கள். லண்டனில் வெயில் எங்கே அக்கா! ஆனால் தோட்டத்தில் இருட்டான ஒரு நடைபாதை உண்டு. அதன் முடிவில் முழு நிலா மாதிரி ஒரு வட்ட வாசல். போன வாரம் நல்ல வெயில். வட்ட வாசலைத் தாண்டியதுதான் தாமதம், வரிசையாக மூன்று தும்மல். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் பயந்தே போனார். அறுபது வயது தாண்டியும் அந்தத் தும்மல் போகவில்லை. சரி, அது ஏன் இப்போது உங்களுக்கு நினைவு வந்தது?

யார் அந்த அம்மாள்? பெயர் என்ன? பசாரில் என்ன விற்கிறார்? எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. லாவிடம் பிள்ளைகள் ஓடாமல் இருக்கத்தான் கோணல் என்று சொன்னேன். அவர் குளத்தைக் கையால் காட்டினார். "என் பேரன் போன வருடம் இங்கேதான் குளத்தில் விழுந்தான். அப்படியும் அவன் ஓடினான்" என்றார்.

கல்லோடு படம் வைத்திருக்கிறேன். செப்டம்பர் பதினேழு திருவிழா. அதற்குள் எழுதுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்றாவது எழுதுங்கள்.

அன்புடன்,
நீலா


ஈப்போ
30 ஜூலை 2024

அன்புள்ள நீலாவுக்கு,

தைலம் வந்தது. ஓடவில்லை, ஆனால் பஸ் ஏற முடிகிறது. படமும் வந்தது. இளைத்திருக்கிறாய். கல் நன்றாக இருக்கிறது.

டுரியான் சீசன். பவித்திரன் வாங்கிவந்து வீடெல்லாம் மணம். போன வாரம் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். அதனால்தான் அதிகம் எழுத முடியவில்லை.

அந்த அம்மாளுக்குப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். தானே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன். எனக்கு இன்னொன்று அனுப்பு.

பெயர் என்ன, என்ன விற்கிறாள் என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். பசாரில் ஒரு பொம்பளை, அவ்வளவுதான்.

வேறு விசேஷமில்லை.

அக்கா,
வேதவல்லி


ஸ்ட்ரெதம்
26 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பல் பிடுங்கினால் கை எழுதாதா? பிடுங்கிய இடம் ஆறிவிட்டதா?

எனக்குக் கோபம்தான். மறைக்கவில்லை. என்னைத் தெரியாத ஒருவர் என் படத்தை ஏன் கேட்டு வாங்கிக்கொள்கிறார்? நீங்கள் என்னிடம் எதையோ மூடி வைக்கிறீர்கள். உங்களுக்கு மூடி வைக்கத் தெரியாது அக்கா, சின்ன வயதிலேயே தெரியாது. அலமாரியில் முறுக்கை ஒளித்துவைத்துவிட்டு அலமாரி முன்னாலேயே நிற்பீர்கள்.

சொல்ல மனமில்லை என்றால் மனமில்லை என்று ஒரு வரி எழுதுங்கள், நான் கேட்பதை விட்டுவிடுகிறேன். லாவ் தினமும் கேட்கவில்லை, நல்ல மனிதர். என் விளக்கை மட்டும் வெறுமையாக எடுத்து வைத்திருக்கிறார்.

நீலா


ஸ்ட்ரெதம்
20 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. கோபத்தில் எழுதிவிட்டேனே என்று எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? மனசு கேட்காமல் பவித்திரனுக்குப் போன் போட்டேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க சின்னம்மா. சனிக்கிழமை ஆனா மெங்லம்புக்கு பஸ் ஏறிடுறாங்க. எதுக்குன்னு கேட்டா முறைக்கிறாங்க. வாரா வாரம் தோஃபுவா வாங்கிட்டு வர்றாங்க, சாப்பிட ஆளில்ல" என்றான். மெங்லம்புவில் உங்களுக்கு என்ன வேலை அக்கா?

திருவிழா நடந்துவிட்டது. சாயங்காலம் பாலம் முழுக்க விளக்கு. எல்லா விளக்கிலும் சீன எழுத்து. என்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நகுலேஸ்வரி பார்த்தார். "என்ன நீலா, ஒரு பேர் எழுத இவ்வளவு யோசினையோ? உங்களுக்கு அப்பா இல்லையோ?" என்றார்.

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. லாவிடம் தூரிகையை வாங்கி எழுதினேன். செல்லப்பன். தமிழில்தான் எழுதினேன். பள்ளிக்கூடத்திலும் பாஸ்போர்ட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் என் பெயரோடு வந்தது அப்பா பெயர்தானே. தூரிகை பழகாததால் 'ல்' கொஞ்சம் சாய்ந்துவிட்டது. லாவ் வந்து பார்த்தார். "இது எந்த எழுத்து? உருண்டை விளக்குக்கு உருண்டை எழுத்து, பொருத்தமாக இருக்கிறது" என்று சொல்லி, பாலத்தின் நடுத் திருப்பத்தில் தொங்கவிட்டார். யாரும் சிரிக்கவில்லை.

அழுதேன் அக்கா. துக்கத்தில் இல்லை. அப்பா பெயர் தண்ணீரில் தெரிந்தது.

ஆனால் உண்மையைச் சொன்னால், தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை அதோடு போய்விடவில்லை. அது ஒரு பக்கம் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் மேல் கோபம் இல்லை. எழுதுங்கள்.

உங்கள்,
நீலா


ஈப்போ
9 அக்டோபர் 2024

என் அன்புத் தங்கை நீலாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் படுத்துவிட்டது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்பா படத்தின் முன் வைத்தேன். பிறகு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது என்னிடம் சொன்னார்: "மெங்லம்பு பசார்ல தோஃபு விக்கிற குடும்பம்மா. நீலா கேட்டா சொல்லு. கேக்காட்டி விட்டுடு." நீ கேட்கவே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு நீ பாலத்தைப் பற்றிக் கேட்டாய். வயதான சீனர் யாரைக் கேட்கலாம் என்று யோசித்தவள் மெங்லம்பு பஸ்ஸில் ஏறிவிட்டேன். பாலத்துக்காகத்தான் போகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேராகப் போக எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை.

தோஃபு கடையில் ஒரு பெண் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். கூரையின் நிழலிலிருந்து வெயிலுக்கு வந்தாள். மூன்று தும்மல். எனக்குக் கேட்காத காதிலும் கேட்டது நீலா! நிமிர்ந்து பார்த்தாள். உன் முகம், கொஞ்சம் கறுத்து.

பெயர் சியூ லான். உன் அக்கா. உன்னைக் கொடுத்தபோது அவளுக்கு நாலு வயது. நீ சீனர் கணக்கில் புலி வருஷத்தில் பிறந்தவள், வீட்டில் வைத்திருந்தால் அப்பனுக்கு ஆகாது என்று சோசியன் சொன்னானாம். குடும்பப் பெயர் லியோங். ஜூனிலேயே தெரிந்துகொண்டேன். உன்னைப் பெற்ற தாய் பல வருஷத்துக்கு முன்பே போய்விட்டார். அவர்தான் கூடையில் தோஃபு கொண்டு நம் வீட்டுப் பக்கம் வருவாராம். நம் அம்மாவுக்குத் தோஃபு என்றால் குமட்டும், உனக்குத் தெரியும். ஆனால் வாரம் தவறாமல் வாங்குவார், உன்னைக் கூப்பிட்டு, "இந்தா, நீயே கையில வாங்கிக்கோ" என்பார். அது ஏன் என்று எனக்கு இந்த வயதில்தான் விளங்கியது.

இனி என் விஷயம். என்னைத் தவிட்டுக்கு வாங்கினது என்று சீண்டுவார்கள் என்றாய். உனக்கு அது ஒருநாளும் விழவில்லை, ஏனென்றால் உன்னைப் பார்த்து அந்தச் சொல்லை யாரும் சொல்லவே கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் எல்லாம் என் தலையில் விழுந்தது. நான் அதை நம்பினேன்! பத்து வயது வரைக்கும், பெற்ற பிள்ளை நீ, தவிட்டுக்கு வந்தவள் நான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் தோசை உனக்குப் போகும்போதெல்லாம், சரி, அது அவள் வீடு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். என் மூக்கு அப்பா மூக்கு என்பது அந்த வயதில் யாருக்குத் தெரிகிறது! பள்ளியில் சிவனேஸ்வரி டீச்சர், "உன் தங்கச்சி சீனப் பிள்ளையாமே?" என்று கேட்டபோதுதான் விளங்கியது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உன்னை யாராவது வந்து திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் வந்தது.

அந்தப் பயம் இன்றைக்கும் இருக்கிறது. பெயரைச் சொன்னால் விளக்கில் எழுதுவாய், எழுதினால் அவர்கள் பிள்ளையாகிவிடுவாய் என்று பைத்தியக்காரி மாதிரி நினைத்தேன். நீயோ தெரியாமலே அப்பா பெயரை எழுதி வைத்திருக்கிறாய். என்னை மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

சியூ லான் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். நீயே முடிவு செய்.

அக்கா,
வேதவல்லி


ஸ்ட்ரெதம்
3 நவம்பர் 2024

என் அருமை அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, முதலில் கேட்டுவிடுகிறேன். அவர் எப்படிச் சிரிப்பார்? சத்தமாகவா? உயரமா, குட்டையா? காரம் சாப்பிடுவாரா? என்னைப் பற்றி எந்த மொழியில் நினைத்துக்கொள்வார்? எனக்கு மலாய் பாதி மறந்துவிட்டதே, எப்படிப் பேசுவது? என் படத்தை எங்கே வைத்திருக்கிறார்?

உங்கள் கடிதத்தை இவர் வாய்விட்டுப் படித்தார். முதல் தோசை வந்தபோது நிறுத்திவிட்டார், மேலே படிக்க முடியவில்லை. அக்கா, அந்தத் தோசை எல்லாம் நான் உங்களுக்குப் பாதி கொடுத்தேன் என்றுதான் எனக்கு ஞாபகம். கொடுக்கவில்லையா?

லாவிடம் சொன்னேன். "லியோங்" என்று சீனத்தில் எழுதிக் காட்டினார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு யாருடையதோ போலவும் இருக்கிறது. மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பழகட்டும். அடுத்த வருஷ விளக்கைப் பற்றிக் கேட்டேன். விளக்குக்கு இரண்டு பக்கம் உண்டே என்றார். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

டிக்கெட் போட்டாகிவிட்டது. பொங்கலுக்கு முந்தின நாள் வந்து இறங்குகிறேன், சீனப் புத்தாண்டு முடிந்துதான் திரும்புவேன். நகுலேஸ்வரி, "முதல்ல எந்த வீட்டுக்குப் போவீங்கள்?" என்று கேட்டார். இது ஒரு கேள்வியா! என் அறையில் பவித்திரனின் சைக்கிளை வைத்திருக்கிறீர்களாமே, அதை முதலில் வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மெங்லம்பு போனால், நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
நீலா


ஈப்போ
24 நவம்பர் 2024

அன்புள்ள நீலாவுக்கு,

எல்லாரும் சுகம். சைக்கிளை வெளியே தூக்கிவிட்டோம். தலையணை வெயிலில் காய்கிறது.

தோசை விஷயம். கொடுத்தாய். கருகின பாதியைக் கொடுத்தாய்.

உன் கேள்விகளுக்குப் பதில்: சத்தமாகத்தான் சிரிக்கிறாள். உன்னைவிடக் குட்டை. மிளகாயைக் கடித்துச் சாப்பிடுகிறாள். உன் படம் தோஃபு தட்டுகளுக்கு மேலே, சாமி விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீயும் கல்லும்.

போன சனிக்கிழமை அவளுக்குத் தவிட்டுக் கதையைச் சொன்னேன். மலாயில் தவிட்டுக்கு என்ன சொல் என்று தெரியாமல், அரிசி, உமி, கோழி என்று கையைக் காலை ஆட்டி விளக்கி, ஒரு வழியாகப் புரியவைத்தேன். நான்தான் தவிட்டுக்கு வந்தவள் என்று நம்பிக்கொண்டிருந்ததைச் சொன்னதும், மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பக்கத்துக் கடைக்காரனுக்கு வேறு சீனத்தில் சொல்லி அவனையும் சிரிக்க வைத்தாள்.

பிறகு சிரிப்பு அடங்கிப்போய், கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ ஒரு படி தவிடு கொண்டாந்தா, அவளைத் திருப்பித் தருவியா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் கண் விளையாடவில்லை. "எங்கே கிடைக்கும் அந்தத் தவிடு?" என்றும் கேட்டாள்.

ஈப்போவில் இப்போதெல்லாம் எந்தக் கடையிலும் தவிடு கிடைப்பதில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவள் கடைக்கு நாலு கடை தள்ளி, கோழித் தீவனக் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. நீ வந்ததும் அந்தப் பக்கம் அவளை அழைத்துப் போய்விடாதே.

மாப்பிள்ளைக்கும் நகுலேஸ்வரிக்கும் என் அன்பைச் சொல். கம்பளிச் சட்டை ஒன்றும் கொண்டுவராதே, இங்கே வெயில். தும்முவதற்குத் தயாராக வா.

உன் அக்கா,
வேதவல்லி